கண்டாக்கையாவுக்குக் கலையாத வரிசை

முதல் நாளே வேலையை விட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. எழுபதுகளின் கடைசி. இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பஸ்ஸை விட்டிறங்கி, தூறலில் மேடேறி, மூச்சிரைக்க உள்ளே நுழைந்தேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். குறுக்கே நடந்தேன்.

"டீச்சர், வரிசை முடியிற வரைக்கும் அங்கனயே நில்லுங்க" என்றார் தலைமை ஆசிரியர் செபஸ்தியான் மாஸ்டர்.

நனைந்துகொண்டே நின்றேன். நல்ல வரவேற்பு!

மாஸ்டர் இளமையில் பட்டாளத்தில் இருந்தவர். தினமும் காலையில் விசில் ஊதுவார். வகுப்புக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு லீடர். லீடர் ஓர் எட்டு முன்னே வந்து, எத்தனை பேர் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று உரத்துச் சொல்ல வேண்டும். நகம், தலைமுடி எல்லாம் பார்த்து, மறுபடி விசில் கேட்ட பிறகுதான் வரிசை கலையும். பிரம்பும் வைத்திருந்தார். அது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏன் சார், அப்பா அம்மாதான் விடிஞ்சா பெரட்டுக்களத்துல வரிசையா நின்னு பேர் குடுக்கிறாங்க. புள்ளைங்களையும் இப்பவே அதுக்குப் பழக்குறீங்களா?"

"கொஞ்ச நாள் இருந்து பாருங்க டீச்சர். பொறவு பேசுவோம்" என்றார். கோபப்படவில்லை.

கொழுந்து முத்திய வாரம்

அடுத்த வருடம், மழை விட்டு வெயில் அடித்து, கொழுந்து மளமளவென்று வந்த வாரம். மாஸ்டர் கல்விக் கந்தோரில் அதிகாரியைப் பார்க்க நுவரெலியா போயிருந்தார். விசில் என் கையில். வரிசை நிற்கும்போதே, தோட்டத்து மலையில் கொழுந்தெடுப்பை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்துவிட்டார்.

"டீச்சர், கொழுந்து முத்துது, ஆள் பத்தல. அஞ்சாம் வகுப்பு புள்ளைங்கள மலைக்கு அனுப்புங்க. முந்தியெல்லாம் அனுப்புனதுதானே?"

ஐந்தாம் வகுப்பின் ஸ்கொலர்ஷிப் சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. ஒருநாள் அனுப்பினால் கொழுந்து குறையும்வரை தினமும் அனுப்ப வேண்டியதுதான். அப்புறம் சோதனையை மறந்துவிடலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தோட்டம் கொடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருப்பவள், வேலைக்கும் புதுசு. ஒருநாள்தானே, போகட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பையை வச்சிட்டு வாங்க!"

ஒரு பிள்ளையும் அசையவில்லை. அவர் இன்னும் சத்தம் போட்டார். ஐந்தாம் வகுப்பு லீடர் புஷ்பராணி ஓர் எட்டு முன்னே வந்தாள். அவள் அம்மா அவருக்குக் கீழேதான் கொழுந்து எடுத்தாள். பிள்ளை அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அஞ்சாம் வகுப்பு, இருபத்திரெண்டு பேரு. எல்லாரும் வந்திருக்கோம், டீச்சர். இன்னும் வரிசை கலையல."

குரல் நடுங்கியது. ஆனாலும் முழுதாகச் சொல்லி முடித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"புள்ளைங்களுக்குப் பாடம் இருக்குங்கையா. அனுப்ப முடியாது" என்றேன்.

"தொரைகிட்ட சொல்லிக்கிறேன்" என்று அவர் போய்விட்டார். விசில் ஊதினேன். இருபத்திரண்டு பேரும் நேரே வகுப்புக்குப் போனார்கள்.

தோட்ட நிர்வாகியான தொரையிடமிருந்து கண்டித்து ஒரு கடிதம் வந்தது. மாஸ்டர் எனக்காகப் பதில் எழுதினார். புஷ்பராணியின் அம்மாவை ஒரு வாரம் தூரத்து மலைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. அந்த வருடம் சோதனையில் இரண்டு பேர் பாஸ். புஷ்பராணி அதில் இல்லை. அது எனக்கு இன்றும் ஆறாத குறை.

இப்போது இளம் ஆசிரியர்கள் என்னிடம், இப்படி வரிசை, விசில் என்று வளர்த்தால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழகிவிடுமே என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாஸ்டருக்கும் அந்தப் பிள்ளைக்கும் நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். அன்று அந்த முற்றத்தில் தலையாட்டப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.