புகார் கமிட்டியில் ஒரு ஜெபக்காரி

ஆண்டவரை நம்பிப் பிழைக்கிற உங்கள் எல்லாருக்கும் என் அன்பு. என் பெயர் எஸ்தர். சாத்தான்குளம் பக்கமிருந்து வந்து, அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். போன லெந்து நோன்புக் காலத்தில் நான் ஒரு பிள்ளைக்காக அழுது ஜெபித்தேன். என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

எங்கள் தையல் லைன் சூப்பர்வைசரைப் பெரிய ராட்சசன் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொண்டு, முதலாளி வந்தால் கைகட்டி நிற்கிற ஆள்தான். அவன் வீரமெல்லாம் ஹாஸ்டல் பிள்ளைகளிடம். மரியாதை கொடுக்க மனம் வரவில்லை, அவன் என்றே சொல்கிறேன்.

ஜெனிபா எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. பத்தொன்பது வயது, தகப்பன் இல்லை. ஒரு நாள் அவளை நூல் எடுத்து வரச் சொல்லி ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிவிட்டு, இவனும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறான். அவன் கையைக் கடித்துவிட்டு ஓடி வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் என் மடியில் விழுந்து அழுதாள்.

"சித்தி, ஊருக்குப் போனா எவனுக்காவது கட்டி வச்சிருவாவ. இங்க இருந்தா இவன் விட மாட்டான். நான் எங்க போவேன்?"

எங்கள் கம்பெனியில் பெண்களுக்குப் புகார் கமிட்டி என்று வாசலில் போர்டே மாட்டியிருக்கிறார்கள். அதில் உறுப்பினர் என்று என் படமும் உண்டு. அந்தக் கமிட்டி ஒரு நாளும் கூடியதில்லை. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும்போது காட்டுவதற்காக மாட்டியது. முக்காடு போட்டு ஜெபிக்கிறவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று நினைத்து மேனேஜர் என்னைச் சேர்த்திருந்தார். பக்தி என்றால் ஊமையாக இருப்பது என்று அந்த அறிவாளிக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவரிடமே போய்ச் சொன்னேன்.

"ஏனுங்கக்கா, நீங்க ஜெபம் பண்ற ஆளு. உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? அந்தப் புள்ளைய ஊருக்கு அனுப்பிச்சுடலாமுங்க. அதுக்கும் நல்லதுதானுங்க" என்றார்.

எவ்வளவு மரியாதை! இரண்டு நாளில் வரவிருந்த ஆடிட் முடிந்ததும் சாயங்கால பஸ்ஸில் அவளை ஏற்றிவிட ஏற்பாடு செய்தார். அதுவரை ஹாஸ்டல் அறையில் வைத்துப் பூட்டும்படி வார்டனிடம் சொல்லிவிட்டார்.

சபையில் ஜெபிக்கச் சொன்னேன். எங்கள் மூப்பர் ஒருவர், "பிள்ளை பேரு கெட்டுரும்மா, மன்னிச்சு விட்டுருங்க" என்றார். இவர், பக்கத்து மனைக்காரர் ஒரு அடி தள்ளிக் கல் நட்டதற்காக இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறவர். மற்றவன் வீட்டுப் பிள்ளை விஷயத்தில்தான் நம் ஆட்களுக்கு மன்னிப்பு அருவியாகக் கொட்டுகிறது.

வீட்டில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நான் ஒருத்தி சொன்னால் பொய் என்பார்கள். என்னோடு நிற்க இன்னொருத்தியைத் தாரும்" என்று கதறினேன். எங்கள் சபைப் பெண்கள் பலர் அதே லைனில் வேலை செய்கிறார்கள். அவர்களில் யாரை எழுப்பலாம் என்று பெயர் பெயராகச் சொல்லியும் கொடுத்தேன்.

ஆடிட் நாள் வந்தது. 'குறை ஒன்றும் இல்லை' என்று சொல்ல எல்லாருக்கும் முன்கூட்டியே பாடம் நடத்தியிருந்தார்கள். ஆடிட்டுக்கு வந்த அம்மா போர்டைப் பார்த்துவிட்டு நேரே என் மேஜைக்கு வந்து, கமிட்டி எப்போது கூடியது என்று கேட்டார். பக்கத்தில் மேனேஜர் சிரித்தபடி நின்றார்.

"கூடுனதே இல்லம்மா. சூப்பர்வைசர் மேல புகார் சொன்ன பிள்ளைய ஹாஸ்டல்ல பூட்டி வச்சிருக்காவ" என்றேன்.

"அக்காவுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லீங்க மேடம்" என்றார் மேனேஜர்.

என் சபைச் சகோதரிகளைப் பார்த்தேன். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூரை அதிரப் பாடுகிற வாய்கள் அவை.

அப்போது தனலட்சுமி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். தாராபுரத்துக்காரி. நெற்றி நிறைய விபூதி, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் வந்தவள்.

"அக்காளுக்கு மனசெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. எம்மேலயும் அந்த ஆளு கை வெச்சிருக்கானுங்க. ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வேலைக்கு உட மாட்டாருன்னு பேசாம இருந்தனுங்க. இனி இருக்க மாட்டனுங்க."

அவளுக்குப் பின்னால் இன்னொரு மிஷின் நின்றது. பிறகு இன்னொன்று. பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். கடைசியில் எங்கள் சபைக்காரிகளுக்கும் குரல் வந்தது.

அந்த அம்மா உடனே ஹாஸ்டலுக்கு நடந்தார். கடவுளுக்குப் பயப்படாத மேனேஜர் ஆர்டர் போய்விடும் என்று பயந்து, தானே ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். வெளியே வந்த ஜெனிபா என்னைக் கட்டிக்கொண்டாள். இருவரும் வாய்விட்டு அழுதோம்.

சூப்பர்வைசர் மேல் போலீசில் வழக்குப் பதிவாயிற்று. தனக்கும் பெண்பிள்ளைகள் இருப்பதாகச் சொல்லி ஆபீசில் அழுதானாம். ஸ்டோர் ரூமில் அந்தப் பிள்ளைகளின் ஞாபகம் வரவில்லை போலும்.

ஜெனிபா இப்போதும் எங்கள் லைனில்தான் தைக்கிறாள். ஹாஸ்டலை விட்டு என் வீட்டுக்குப் பக்கத்தில் தோழிகளோடு குடியிருக்கிறாள். கமிட்டி இப்போது உண்மையாகவே கூடுகிறது. தனலட்சுமியும் அதில் இருக்கிறாள். முன்பெல்லாம் ஜெபித்து முடித்ததும் என் வேலை முடிந்தது என்று எழுந்து போவேன். இப்போது எழுந்ததும் யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று யோசிக்கிறேன்.

பிரியமானவர்களே, உங்கள் பக்கத்திலும் அழுகிற பிள்ளை ஒருத்தி இருப்பாள். அவளுக்காக ஜெபியுங்கள், அவளுக்காகப் பேசவும் செய்யுங்கள். ஆண்டவர் துணை அனுப்புவார், நம்புங்கள். யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் சொல்லிக் கொடுத்தேன். அவர் என் பேச்சைக் கேட்கவே இல்லை. அதற்காக அவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.