புதன்கிழமைப் பயிற்சி

இங்கே வெளிநாட்டில், எங்கள் அடுக்குமாடியின் லிப்ற் கதவில் நேற்று ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். புதன்கிழமை காலை தீ அபாய மணி அடிக்கும், அது வெறும் பயிற்சிதான், பயப்படாமல் வீட்டிலேயே இருக்கலாம் என்று. நல்ல மனிதர்கள். ஆனால் மணி அடிப்பதற்கு முன்பே நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். என் மனைவி கொழும்பில் வளர்ந்தவள். "பயிற்சி எண்டு எழுதியிருக்கெல்லே, பிறகென்ன?" என்று சிரிப்பாள். அப்படி எழுதியிருப்பதால்தான் போகிறேன் என்பதை அவளுக்கு இன்னும் விளங்கப்படுத்த முடியவில்லை.

போவதற்கும் பெரிய இடமொன்றும் இல்லை. தெருமுனைப் பேக்கரிதான். அங்கே பாண் வேகும் மணம் மூக்கில் ஏறியதும் நான் எங்கள் ஊரான அச்சுவேலியில் நிற்பேன். எண்பதுகளின் நடுப்பகுதி. படித்தும் சோதனை ஒன்றிலும் தேறாமல், வேலையில்லாமல் திரிந்த என்னை ஒரு பேக்கரி முதலாளி கணக்கெழுத வைத்துக்கொண்டார். பெயருக்குத்தான் கணக்கு. விறகு அடுக்குவது முதல் வான் வண்டியில் பாண் கொண்டுபோவது வரை எல்லாம் என் தலையில். மாக் குழைப்பவர் தங்கராசா அண்ணை. நான் பாண் சுடும் போறணைப் பக்கம் போனாலே, "தம்பி, நீ தொட்ட சோதினை ஒண்டும் துலங்கேல்லை, இந்த மாவையாவது தொடாமல் விடு" என்பார். எனக்குக் கோபம் வராது, சொன்னது உண்மைதானே.

காலையில் முதல் வான் ராணுவ முகாமுக்குப் போகும். முதலாளிக்கு அதில் விருப்பமில்லை. கொடுத்தால் இயக்கப் பொடியள் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் ஆமி கேட்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. முகாம் வாசலில் ஒரு வழமை இருந்தது. பெட்டியிலிருந்து ஏதோவொரு பாணை இழுத்து, ஒரு துண்டு பிய்த்து என்னிடம் தருவார்கள். நான் அதைத் தின்று காட்ட வேண்டும். நஞ்சு கலக்கவில்லை என்று கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே பெட்டிகள் உள்ளே போகும். காலைச் சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்று நான் பகிடி விடுவேன். அநேகமாகத் துண்டைத் தருபவன் சுனில் என்ற சிங்களப் பொடியன். தேயிலைத் தோட்டங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரன், அதனால் மலையகத் தமிழ் நன்றாகக் கதைப்பான்.

அந்த முகாமில் புதன்தோறும் பீரங்கிப் பயிற்சி. கிராம அதிகாரி விதானையார் ஊருக்கு அறிவித்தார்: வெறும் காணிக்குள்தான் சுடுவார்கள், சனம் பயப்படத் தேவையில்லை. அதே அறிவித்தலில் இன்னொன்றும் இருந்தது. ஊருக்குள் யாரும் வெடி கொளுத்தக்கூடாது, கோயிலிலும் சரி, செத்தவீட்டிலும் சரி. எங்கள் பக்கத்தில் பிரேதம் போகும் வழியெல்லாம் சீனவெடி கொளுத்துவது வழக்கம். அவர்களுடைய பீரங்கி பயிற்சி, எங்களுடைய சீனவெடி பயங்கரம்! நாங்கள் இதையும் சொல்லிச் சிரித்தோம்.

மற்ற நாட்களில் எங்காவது கதவு அடிபட்டாலே பங்கருக்குள் பாய்கிற சனம், புதன்கிழமை மட்டும் அசையாது. "பொன் கிடைச்சாலும் புதன் கிடையாது" என்று பெண்கள் அன்றைக்குத்தான் ஆறுதலாகத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குவார்கள். அந்த அறிவித்தலை நாங்கள் அவ்வளவு நம்பினோம்.

தங்கராசா அண்ணையின் மனைவி ராணி அக்காவும் நம்பினா. ஒரு புதன் காலை, அவர்களுடைய வெங்காயத் தோட்டத்துக்குக் கிட்ட ஒரு பீரங்கிச் செல் விழுந்தது. பக்கத்தில் நின்றவள் எழும்பி ஓட, "இரடி, உது பயிற்சியெல்லே" என்று ராணி அக்கா குனிந்தபடியே சொன்னாவாம். அடுத்த செல் வெங்காயப் பாத்திக்குள்ளேயே விழுந்தது. ஓடியவள்தான் இதை எங்களுக்குச் சொன்னாள்.

ராணி அக்காவை ஒரு வெடிகூடக் கொளுத்தாமல் கொண்டுபோனோம். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு அடுத்த புதனில் வந்தது. படைத்துக்கொண்டிருக்கும்போதே முகாமிலிருந்து சத்தம் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மறுநாள் தங்கராசா அண்ணை வேலைக்கு வந்துவிட்டார். மாவில் கையை வைத்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த வாசல்லை நிக்கிறவனை ஒருக்கால் கேள். எங்கை போய் விழுகுதெண்டு உவங்களுக்குத் தெரியுமோ? தெரிஞ்சுதான் அடிக்கிறாங்களோ? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அன்று வானோடு முகாம் வாசலுக்குப் போனேன். பாணைப் பிய்த்துக்கொண்டிருந்த சுனிலிடம் ஒருவாறு கேட்டுவிட்டேன்.

"பொட்டல் காடுன்னுதான் சொல்லியிருக்காங்க அண்ணே. மேப்புல வெள்ளையா இருக்கு. வீடு, தோட்டம் ஒண்ணும் இல்ல."

"வெங்காயத் தோட்டம் இருக்கு, தம்பி. போன கிழமை அதுக்குள்ளை ஒரு மனிசி செத்துப்போச்சு. இந்தப் பாணுக்கு மாக் குழைக்கிற அண்ணையின்ரை மனிசி."

எனக்காகப் பிய்த்த துண்டு அவன் கையில் இருந்தது. அதைத் தன் வாயில் போட்டு மென்றான். என் முகத்தைப் பார்க்காமலே வானை உள்ளே போகும்படி கையைக் காட்டினான்.

திரும்பி வந்து தங்கராசா அண்ணையிடம் சொன்னேன். "அவனுக்குத் தெரியாதாம், அண்ணை. இப்பத் தெரியும்."

"அப்ப வாற புதன் பாப்பம்" என்றார்.

புதன் வந்தது. வழமையான நேரத்தில் வழமையான சத்தம். தங்கராசா அண்ணை குழைப்பதை நிறுத்தினார். எல்லாம் ஓய்ந்த பிறகு மறுபடி குழைத்தார். அடுத்த காலை முகாம் வாசலில் வேறொருவன் நின்று ஒரு துண்டு பாணை என்னிடம் நீட்டினான். சுனிலை அதன்பிறகு நான் காணவில்லை. உள்ளே போய் யாரிடமாவது சொல்லி, அதற்காக மாற்றப்பட்டானா? அல்லது அந்தப் புதனில் அவனும் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றானா? இந்த இரண்டு கேள்வியும் இன்றுவரை என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை.

தொண்ணூறில் சண்டை மூண்டு அந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் எழும்பி ஓடியது. முகாம் பெருத்துத் தெரு ஒழுங்கைகளையும் கிணறுகளையும் விழுங்கியது. பேக்கரியும் போறணையும் போயின. தங்கராசா அண்ணை இடம்பெயர்ந்த இடத்தில் காலமானார் என்று கேள்விப்பட்டேன். வெடி கொளுத்தினார்களோ தெரியாது.

நேற்று அந்த அறிவித்தலை வாசித்துவிட்டு வந்து, கணினியில் எங்கள் பக்கத்து வரைபடத்தைத் திறந்து ராணி அக்காவின் தோட்டத்தைத் தேடினேன். ஒழுங்கை இல்லை, வீடு இல்லை, ஒரு பெயர்கூட இல்லை. சுனில் சொன்னதுபோலவே வெள்ளையாக இருக்கிறது.