ஆறு மூணும் ஆறு மூணும்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பெட்டி மானிட்டரின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் சிலிர்த்து எழுந்து நிற்கும், கண்ணாடி மெல்லச் சடசடக்கும். அந்தக் கறுப்புத் திரையில் >>> என்று மூன்று அம்புகள், என்ன வேண்டுமென்று கேட்பதுபோல எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளே, அதுதான் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி. ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் உடனே பதில் வரும். தப்பாக அடித்தால் தப்பு என்று சொல்லிவிட்டு, மறுபடி அம்புகளைக் காட்டிக் காத்திருக்கும்.

அப்போது நானும் என் "தோஸ்த்" இம்ரானும் பேரணாம்பட்டில் எட்டாவது படித்தோம். எங்கள் இருவரின் அப்பாக்களும் தோல் பதனிடும் ஒரே டேனரியில் தோல் அளப்பவர்கள். தோலின் உட்புறத்தில் சாக்பீஸால் பெரிதாக ஆறு என்று எழுதி, அதன் தலைமாட்டில் பொடியாக மூன்று போட்டால், ஆறு அடியும் மூன்று காலும், அதாவது ஆறே முக்கால் சதுர அடி. எங்கள் ஊரில் அதை "ஆறு மூணு" என்பார்கள்.

அந்த அளவுகளைக் கூட்டிச் சொல்லும் புரோகிராம் ஒன்றைப் பள்ளிக் கண்காட்சியில் வைக்க ஆசைப்பட்டோம். இருந்ததோ ஒரே கம்ப்யூட்டர். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சரியா ஓடணும். இல்லன்னா பத்தாவது பசங்க பாட்டு போட எடுத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டார் கம்ப்யூட்டர் சார்.

வெள்ளிக்கிழமை, ஆறு மூணையும் ஆறு மூணையும் கூட்ட 6.3 + 6.3 என்று அடித்தோம். 12.6 என்றது.

"இன்னாடா இது? நாலு கால் சேர்ந்தா ஒரு அடி. ஆறு கால் எப்பிட்றா வரும்?" என்றான் இம்ரான்.

வாசலில் நின்ற பத்தாவது அண்ணன்கள் சிரித்தார்கள். "கம்ப்யூட்டருக்கே பேஜாரா? எழுந்து வாங்கடா!"

சார் மட்டும், "அது இன்னான்னு அதையே கேளுங்கடா" என்றார்.

type(6.3) என்று கேட்டோம். float என்றது, எங்கள் ஆறு மூணை வெறும் தசம எண்ணாக எடுத்துக்கொண்டிருக்கிறது! மேற்கோள் குறிக்குள் "6.3" என்று போட்டுக் கேட்டால் str, அதாவது எழுத்து. எழுத்துக்கு என்னென்ன தெரியும் என்று dir("6.3") கேட்டோம். திரை முழுக்கப் பெயர்கள் கொட்டின. விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவன் split என்ற இடத்தில் நின்றேன். "6.3".split(".") அடித்ததும் ஆறு தனியாக, மூன்று தனியாக வந்து விழுந்தன.

அடியைக் காலாக்க இம்ரான் '6' * 4 போட்டான். '6666' என்று வந்தது.

"இன்னாடா, யானைத் தோலா?" என்றேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். அது இன்னும் எழுத்தாகவே இருக்கிறது என்று புரிந்து, int போட்டு எண்ணாக்கினோம். எல்லாவற்றையும் காலாக்கிக் கூட்டி, நாலால் வகுத்தோம். பதின்மூன்று, மீதி இரண்டு.

"பதிமூணு ரெண்டு!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினோம். வாசலில் சிரிப்பு நின்றது.

அந்த வரிகளை எதிலும் சேமிக்கத் தெரியாததால், கண்காட்சியில் எல்லோர் கண்முன்னும் ஒவ்வொன்றாக மறுபடி அடித்தோம். அப்பா கூட்டத்திலிருந்து, "ஒம்பது ஒண்ணு, ஏழு மூணு?" என்றார். "பதினேழு" என்று விடை வருவதற்குள் அவரே மனக்கணக்கில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம், "நம்ம பசங்கதான்" என்றார்.

இன்று அளவை மிஷினே அச்சடித்துவிடுகிறது. அந்தப் பெட்டி மானிட்டர் காயலான் கடைக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டரை அணைத்தபோதே எங்கள் வரிகளும் போயின. ஆனால் போன வாரம் மகளின் லேப்டாப்பில் அந்த மூன்று அம்புகளைப் பார்த்ததும், என் விரல்கள் தாமாகவே "6.3".split(".") என்று அடித்தன.

"இன்னாப்பா இது?" என்றாள்.

"அதையே கேளும்மா" என்று நாற்காலியை அவளுக்கு விட்டேன்.