பெட்டிக்காக ஓடிய ஜீப்

சங்கராபுரத்தில் இருந்துகொண்டு, சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறேன். மலையில் மழை வந்தால் கரண்டு போய்விடும். அதனால் ஜீப்பிலேயே இன்வெர்ட்டர் உண்டு. என்ஜின் ஓடினால்தான் பேட்டரி ஏறும், பெட்டி ஓடும். கம்ப்ரசர் கிளம்பும்போது மூன்று மடங்கு கரண்டு இழுக்கும். அந்த இன்வெர்ட்டரில் வேறு எதையும் மாட்ட விடமாட்டேன்.

வெள்ளிமலை தாண்டி ஓர் ஊரில் ஓர் அம்மா இறந்திருந்தார். சின்ன மகனுக்குக் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை. அவர் வந்து முகம் பார்க்கத்தான் பெட்டி.

பெட்டியைப் பந்தலுக்குள் வைத்து, ஜீப்பை வெளியே நிறுத்தினேன். ஒருவர் சார்ஜரோடு வந்தார். வேண்டாம் என்றேன்.

"செல்லுக்குக் கூடவா உன் பொட்டி கோச்சிக்கும்? சம்பந்தி வூட்டு மாப்ள மாரி கீறியே!"

பக்கத்து வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், என்ஜினை ஓடவிட்டுப் போனேன். மழை வலுத்தது. திரும்பினால் ஜீப் பந்தலுக்குள் நிற்கிறது. இன்வெர்ட்டர் நனையுமே என்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாரல் அடிக்காமல் நாலு பக்கமும் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

சின்ன மருமகள் லட்சுமி பெட்டியோரம் சாய்ந்து கிடந்தார்.

"அழுது அழுது மயங்கிட்டா. சோடா வாங்கியாரச் சொல்லிக்கீறேன்," என்றார் பெரிய மகன் அண்ணாமலை.

மற்ற பெண்களைப் பார்த்தேன். ஒருவரும் அழவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீடு அப்படி இருக்காது.

என்ஜினை நிறுத்தினேன். தார்ப்பாயை அறுத்துவிட்டேன்.

"எல்லாரும் வெளிய வாங்க. ஜீப் பொகைங்க இது. இந்தம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

"ஜீப்ப எடுத்தா பொட்டி இன்னா ஆவறது? நேத்தே செத்தது, தாங்காதுயா. தம்பி இன்னும் வரல. இவ எழுந்துக்குவா."

"எழுந்துக்கலன்னா உங்க தம்பி ரெண்டு மூஞ்சி பாக்கணுங்க."

அண்ணாமலையே வந்து கால் பக்கம் பிடித்தார். நான் பெட்டிக்குப் போன வயரின் கிளாம்பைக் கழற்றினேன்.

கள்ளக்குறிச்சியில் ஆக்சிஜன் வைத்தார்கள். லட்சுமி கண் திறந்தார். அதற்குள் மலையில் அம்மாவைப் புதைத்துவிட்டார்கள்.

சின்ன மகன் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். மனைவியைப் பார்த்தார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"அம்மா மூஞ்சி எப்டி இருந்துச்சிங்க?"

"நல்லா இருந்துச்சிங்க," என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: ஜீப் வெளியிலேயே நனையட்டும். இன்வெர்ட்டருக்கு மேல் மட்டும், காற்றுப் போகிற மாதிரி ஒரு தகரம் வையுங்கள். சாவு வீட்டில் யாராவது மயங்கினால் முதலில் என்ஜினை நிறுத்துங்கள். அழுது மயங்கினார்களா என்று அப்புறம் பார்க்கலாம்.