வெளுத்த மோதிரம்

அம்மா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை வாசனையே எனக்கு எரிச்சல் மூட்டியது. பழைய பல்பு கம்பெனியின் கழிவுக்குழியை மண் போட்டு மூடி அமைத்த பூங்காவில் பறித்த கீரை அது.

சிறுவயதில் நைனா அந்தக் குழியிலிருந்து திருநீற்று டப்பாவில் பாதரசம் கொண்டுவந்தார். தட்டில் உருட்டி விளையாடினோம். அது பட்டு அம்மாவின் தங்க மோதிரம் வெளுத்துப்போனது. "தங்கத்தையே தின்னுதே, கொண்டுபோய் அங்கயே கொட்டுய்யா" என்றவள், ஒரு வாரம் நைனாவிடம் பேசவில்லை.

"அந்த மண்ணுல இன்னும் பாதரசம் கீதும்மா, மரத்துலயும் ஏறும். முழுகாம இருக்கிற அக்காவுக்குக் குடுக்காதே" என்றேன், நான்காவது முறையாக. வீட்டின் முதல் பட்டதாரி நான், படித்தது வேதியியல்.

"ஆங், நீ படிச்சவ. பாரு, எவ்ளோ பச்சையா கீது."

மோதிரம் வெளுத்துக் காட்டியது, நம்பினாள். கீரை வெளுக்காதே. முறத்தைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினேன்.

அம்மா ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை.