கண்ணாடிக் கடையில் ஓர் ஓட்டை

ஆபீஸில் அவளுக்கு ஓட்டையம்மா என்று பெயர். தீப்பிடித்த கட்டடங்களுக்குப் போய், இன்சூரன்ஸ் கேட்பவர்கள் சொல்லும் கதையில் ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலை. "அசந்து தூங்கிட்டிருந்தேன், திடீர்னு புகை" என்று ஒருவன் அழுதால், "தூங்கினவன் கால்ல எப்படி ஷூ?" என்பாள். இருபது வருஷம் இப்படியே கேட்ட வாய், வேறு மாதிரி திரும்பாது.

மேனேஜருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவளுக்கும் அவரைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். மத்தியானம் சாப்பிடும்போது அவர் ஜோக் சொல்வார். மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்கள், வேலை முக்கியம்.

அன்றைக்குச் சொன்னது இது. "ஒருத்தன் கண்ணாடிக் கடைக்குப் போனானாம். ஒரு கண்ணாடியக் கையில வாங்கிப் பார்த்துட்டு, 'இதுல ஏற்கெனவே யாரோ இருக்கான், காலியா ஒண்ணு குடுங்க'ன்னானாம்!"

எல்லோரும் சிரித்து ஓயும்வரை காத்திருந்து அவள் கேட்டாள். "கடைச் சுவர்ல வேற கண்ணாடியே மாட்டலையா சார்?"

"என்னது?"

"உள்ளே நுழையறப்பவே அதே ஆளை இருபது தடவை பார்த்திருப்பானே?"

"ஜோக்கும்மா!"

"சரி. காலிக் கண்ணாடிய வச்சு என்ன பண்ணப்போறான்?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ஜோக்குக்கு அல்ல. மேனேஜரின் காது மடல் சிவந்தது. "உனக்கு வீட்ல சிரிக்கவே சொல்லித் தரலையா?"

"சிரிக்கச் சொல்லித் தந்தாங்க. நடிக்கத்தான் சொல்லித் தரல."

மறுவாரம் அவளைக் கீழ்த்தளத்துக்கு, ஜன்னலே இல்லாத பழைய ஃபைல் அறைக்கு மாற்றினார்கள்.

"சிரிச்சுத் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் கணவர்.

"நீங்க சிரிச்சிருப்பீங்களா?"

"நீ சொன்னப்பவே எனக்குச் சிரிப்பு வந்துச்சே."

இரண்டு நாள் அவரோடும் பேச்சில்லை.

மேனேஜருக்கும் அவளுக்கும் ஆறு வருஷம் பேச்சில்லை. ஃபைல்தான் மேலும் கீழும் போய் வந்தது. ரிட்டயர் ஆன அன்று, பரிசாகக் கிடைத்த சுவர்க் கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரே இறங்கி வந்தார். உட்காரவில்லை.

"எல்லாக் கண்ணாடியும் காகிதம் சுத்தி இருந்துச்சு. கடைக்காரன் ஒண்ணை மட்டும் பிரிச்சுக் குடுத்தான். இப்ப என்ன சொல்ற?"

அவள் பேனாவை மூடினாள். "காலியா எதுக்குக் கேட்டான்?"

"அது போட்டோ மாட்டுற சட்டம்னு நெனச்சுட்டான்!"

ஆறு வருஷமாக யோசித்திருக்கிறார். அவளும் நன்றாக யோசித்துப் பார்த்தாள். "சரியா வருது சார். ஓட்டையே இல்ல."

அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆனா இப்போ இதுல சிரிக்க என்ன இருக்கு? ஒருத்தன் சட்டம் கேட்டான், கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான். அவ்வளவுதானே?"

"நீ உருப்படவே மாட்டே!" கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

அடுத்து வந்த மேனேஜர் போன் செய்து, அவளைப் பழைய இடத்துக்கே வரச் சொன்னார்.

"இப்போ மேல யார் சார் ஜோக் சொல்றது?"

"நான்தான். ஏன்?"

அவள் கீழேயே இருந்துகொண்டாள்.