மாப்பிள்ளைக் கோட்டின் கழுத்துப் பித்தான்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் பாம்பனில் எனக்குக் கல்யாணம். எங்கள் மீனவர் தெருவுக்கே ஒரே ஒரு கோட்டுதான். எல்லா மாப்பிள்ளைகளும் அதைத்தான் போட்டுக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் சங்கு குளிப்பவர், தடித்த கழுத்து. அவருடைய அண்ணன்தான் கழுத்துப் பித்தானை இழுத்துப் பிடித்து மாட்டிவிட்டார்.

கோயிலில் தாலி கட்ட என் பக்கம் திரும்பியவர், முகம் வெளுத்துச் சரிந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். மறுபடி திரும்பினார், மறுபடி விழுந்தார். இந்த முறை கண் திறக்கவில்லை.

"இவ ராசிதேன் எம்மகன அடிக்கிது. தாலிய உள்ள வைங்க சாமி" என்று அலறினார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விருந்துக்கு வந்திருந்த ஒரு நர்ஸம்மா நாடி பிடித்தார். "நாடி நின்னு நின்னு ஓடுதே!" என்றவர், பித்தானைப் பிய்த்தெறிந்தார். சிறிது நேரத்தில் என்னவர் கண் விழித்தார். கழுத்தை இறுக்கினால் அங்குள்ள நரம்பு, ரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று ஏமாந்து, இதயத்தை அடக்கிவிடுமாம். தலையைத் திருப்பும்போது கழுத்துப்பட்டி இன்னும் இறுகுமாம்.

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்திலும் மாப்பிள்ளையின் கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்த பிறகே உட்காருகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் ராசியை யாரும் பேசிவிடக் கூடாது.